கறுப்புக்குக் கறுப்பு விட்டால் மஞ்சள் எப்படி வரும்?

கேள்வி: எங்கள் லேப்ரடார் பெட்டைக்கு மூன்று வயது. நல்ல கறுப்பு. பக்கத்து ஊரில் கென்னல் வைத்திருப்பவரின் கறுப்பு ஆண் நாயோடு சேர்த்தோம். கட்டணத்துக்குப் பதில் ஒரு குட்டி தருவதாகப் பேச்சு. எட்டுக் குட்டி பிறந்தது: நான்கு கறுப்பு, ஒன்று சாக்லெட், மூன்று மஞ்சள். மஞ்சளில் ஒன்றுக்கு மூக்கு கறுக்கவே இல்லை, பழுப்பாகவே நிற்கிறது. கறுப்புக் குட்டி ஒன்றுக்கு நெஞ்சில் வெள்ளைப் பொட்டு. ஆண் நாய்க்காரர் வந்து பார்த்துவிட்டு, "கறுப்புக்குக் கறுப்பு விட்டால் கறுப்புதான் வரும். உங்கள் நாய் தெரு நாயோடு போயிருக்கிறது. போன வருஷமே ஒரு தடவை போனதாகக் கேள்வி. அந்த ரத்தம் இன்னும் இருக்கும்" என்கிறார். குட்டி வேண்டாம், பணமாகக் கொடு என்கிறார். பதிவுப் படிவத்தில் கையெழுத்துப் போடவும் மறுக்கிறார். போன வருஷம் ஒரு ஹீட்டில் (இணை தேடும் பருவத்தில்) எங்கள் நாய் வெளியே ஓடியது உண்மை, ஆனால் குட்டி தங்கவில்லை. இந்த முறை வாசல் தாண்டவில்லை. யார் சொல்வது சரி? சாக்லெட் பெண் குட்டியை நாங்களே வைத்துக்கொண்டு அதிலிருந்து சாக்லெட்டாகவே எடுக்க முடியுமா? "சில்வர் லேப்" ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா?
— வாசகர், கரூர் மாவட்டம்

பதில்: ஆண் நாய்க்காரர் விதியைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். லேப்ரடாரில் மஞ்சளுக்கு மஞ்சள் விட்டால்தான் மஞ்சளைத் தவிர வேறு வராது. சாக்லெட்டுக்கு சாக்லெட் விட்டால் கறுப்பு வராது. கறுப்புக்குக் கறுப்பு விட்டாலோ மூன்று நிறமும் வரலாம். பதிவேறிய முதல் மஞ்சள் லேப்ரடார், இங்கிலாந்தில் 1899-இல் பிறந்த 'பென் ஆஃப் ஹைட்', கறுப்புத் தாய்க்கும் கறுப்புத் தகப்பனுக்கும் பிறந்ததுதான்.

ஏன் இப்படி என்று பார்த்துவிட்டால் உங்கள் மற்றக் கேள்விகளுக்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

நாயின் முடியில் இரண்டே வகை மைதான். ஒன்று யூமெலனின், கறுப்பு மை. மற்றது ஃபியோமெலனின், மஞ்சளிலிருந்து செவலை வரை போகும் மை. லேப்ரடாரின் மூன்று நிறத்தையும் முக்கியமாகத் தீர்மானிப்பவை இரண்டு மரபணுக்கள். ஒவ்வொன்றிலும் தாயிடமிருந்து ஒரு பிரதி, தகப்பனிடமிருந்து ஒரு பிரதி என இரண்டு பிரதி இருக்கும்.

முதல் மரபணு கறுப்பு மை எப்படித் தயாராகிறது என்பதைப் பார்த்துக்கொள்கிறது. அதன் பெயர் டி.ஒய்.ஆர்.பி.1. இது செய்யும் புரதம் சரியாக இருந்தால் மை கறுப்பாக முடியும். கெட்டுப்போன பிரதியால் அந்த வேலை முடியாது, மை பழுப்போடு நின்றுவிடும். அதைத்தான் நாம் சாக்லெட் என்கிறோம். நல்ல பிரதியை 'க' என்றும் கெட்ட பிரதியை 'ப' என்றும் குறித்துக்கொள்வோம். ஒரு நல்ல பிரதி இருந்தாலே தேவையான அளவு புரதம் கிடைத்துவிடுகிறது. அதனால் க-க நாயும் கறுப்பு, க-ப நாயும் அதே கறுப்பு. ப-ப மட்டுமே சாக்லெட். 'க' ஓங்கு, 'ப' ஒடுங்கு என்று பாடப்புத்தகம் சொல்வது இவ்வளவுதான். ஓங்கு என்றால் வீரியமானது, நல்லது, அதிகம் காணப்படுவது என்றெல்லாம் பொருள் இல்லை. ஒரு பிரதி இருந்தாலே வெளியே தெரிந்துவிடும், அவ்வளவே.

இரண்டாவது மரபணு எம்.சி.1.ஆர். இது நிறமிச் செல்லின் மேலுள்ள ஒரு வாங்கி. 'கறுப்பு மை செய்' என்ற கட்டளை இதன் வழியாகத்தான் உள்ளே போகும். லேப்ரடாரின் மஞ்சளில் இந்த மரபணு பாதியில் முடிந்துவிடுவதில்லை, கடைசிக்குச் சற்று முன்னால் முடிந்துவிடுகிறது: 317 அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தில் 306-ஆவது இடத்தில் 'நிறுத்து' என்ற குறி விழுந்திருக்கிறது. கடைசி துண்டு இல்லாத வாங்கி கட்டளையை உள்ளே கொண்டுபோகாது. கட்டளை வராத செல், மஞ்சள் மையை மட்டும் செய்துகொண்டிருக்கும். வேலை செய்யும் பிரதி 'தி' (திறப்பு), செய்யாதது 'மூ' (மூடல்). இதிலும் ஒரு 'தி' போதும். மூ-மூ ஆனால் நாய் மஞ்சள்.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். மூ-மூ ஆகிவிட்ட நாயிடம் க-க இருந்தாலும் ப-ப இருந்தாலும் முடியில் தெரியாது. கறுப்பு மையே முடிக்கு வரவில்லை என்றால் அது கறுப்பா பழுப்பா என்ற கேள்விக்கே இடமில்லை. ஒரு மரபணு இன்னொன்றின் பலனை மறைத்துவிடுகிறது. கறுப்பு, சாக்லெட், மஞ்சள் மூன்றும் ஒரே வரிசையில் நிற்கும் மூன்று படிகள் என்று நினைத்துக் கணக்குப் போட்டால் கணக்கு ஒருநாளும் சரியாக வராததற்குக் காரணம் இதுதான். (ஆய்வகத் தாளில் ஆங்கில எழுத்து 'பி' பெரியதாக இருந்தால் நம் 'க', சிறியதாக இருந்தால் 'ப'. அதேபோல் பெரிய 'ஈ' நம் 'தி', சிறிய 'ஈ' நம் 'மூ'.)

இப்போது உங்கள் குட்டிகளைத் தாளாக வைத்து வாசிக்கலாம்.

சாக்லெட் குட்டி ப-ப. ஒரு 'ப' உங்கள் பெட்டையிடமிருந்து வந்தது, இன்னொன்று தகப்பனிடமிருந்து வந்தாக வேண்டும். மஞ்சள் குட்டி மூ-மூ. அதிலும் பாதி அங்கே, பாதி இங்கே. ஆக உங்கள் கறுப்புப் பெட்டை க-ப, தி-மூ. இதில் சந்தேகமே இல்லை, குட்டிகளே சொல்லிவிட்டன. தகப்பனும் கறுப்புதான் என்றால் அதுவும் க-ப, தி-மூ.

இப்படி இரண்டு நாய்கள் சேர்ந்தால் 16-க்கு 9 பங்கு கறுப்பு, 3 பங்கு சாக்லெட், 4 பங்கு மஞ்சள். அந்த 4 மஞ்சளில் 1 பழுப்பு மூக்கு. எட்டுக் குட்டிக்குக் கணக்கிட்டால் நாலரை கறுப்பு, ஒன்றரை சாக்லெட், இரண்டு மஞ்சள். உங்களுக்கு வந்தது 4, 1, 3. எட்டுக் குட்டிக்கு இது கணக்கோடு நன்றாகவே ஒத்துப்போகிறது.

"இதுவரை என் நாய்க்குப் பிறந்ததெல்லாம் கறுப்புதானே" என்று அவர் கேட்கலாம். பெட்டை தி-தி ஆக இருந்தால் ஆண் நாய் எதைச் சுமந்தாலும் ஒரு மஞ்சள்கூட வராது. பெட்டை க-க ஆக இருந்தால் சாக்லெட் வராது. பெட்டையும் சுமப்பதாக இருந்தாலும் அதிர்ஷ்டம் மறைத்துவிடும். இருவரும் தி-மூ என்றால் எட்டுக் குட்டியில் ஒரு மஞ்சளும் வராமல் போக 10 சதவீத வாய்ப்பு இருக்கிறது. பத்து ஈற்றில் ஒன்று அப்படித்தான் போகும்.

எல்லாரும் குறை சொல்லும் அந்தப் பழுப்பு மூக்குக் குட்டிதான் உண்மையில் உங்கள் தரப்பின் நல்ல சாட்சி. அது ப-ப, மூ-மூ. அதன் தகப்பன் ஒரே நாயாக 'ப', 'மூ' இரண்டையும் சுமந்திருக்க வேண்டும். லேப்ரடாரில் இது சர்வ சாதாரணம். தெரு நாய் ஒன்று இரண்டையும் சேர்த்துச் சுமக்கவே முடியாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அப்படிப்பட்டதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. லேப்ரடாரில் ஏறக்குறைய எல்லா நாய்களிடமும் 'ஓங்கு கறுப்பு' என்ற மூன்றாவது மரபணு இரண்டு பிரதியாக இருக்கிறது. உடலெங்கும் ஒரே நிறமாக வைத்திருப்பது அதுதான். நம் தெருவில் செவலையும் சாம்பலும் வரியுமாகத் திரியும் நாய்களிடம் பெரும்பாலும் அது இருக்காது. ஆனால் 'க'-வும் 'தி'-யும் நன்றாகவே இருக்கும். அப்படி ஒரு செவலை நாய் உங்கள் பெட்டையோடு சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஓங்கு கறுப்பு தாயிடமிருந்து எல்லாக் குட்டிக்கும் ஒரு பிரதி போயிருக்கும். தகப்பனிடமிருந்து 'க'-வும் 'தி'-யும் வந்திருக்கும். குட்டிகள் மொத்தமும் கறுப்பாகப் பிறந்திருக்கும்! கலப்பை ஒளிக்க மஞ்சளைவிடக் கறுப்புக்குத்தான் வசதி. 'எல்லாம் கறுப்பு, அதனால் சுத்தம்' என்று நம்பிக் குட்டி வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் நிறத்தை வைத்துத் தகப்பனை மறுக்கத்தான் முடியும், நிரூபிக்க முடியாது. அதனால் பேச்சை இப்படிக் கொண்டுபோங்கள். முதல் கட்டமாக அவருடைய ஆண் நாய்க்கு மட்டும் இந்த இரண்டு நிற மரபணுவையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். க-க என்று வந்தால் சாக்லெட்டும் பழுப்பு மூக்கும் அதற்குப் பிறந்தவை அல்ல. தி-தி என்று வந்தால் மஞ்சள் மூன்றும் அல்ல. அப்போது அவர் சொன்னது சரி, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். க-ப, தி-மூ என்று வந்தால் 'நிறம் பொருந்தவில்லை' என்ற வாதம் அந்த இடத்தோடு விழுந்துவிடும். அதற்கும் சமாதானம் ஆகவில்லை என்றால் தாய், ஆண் நாய், குட்டிகள் எல்லாவற்றுக்கும் டி.என்.ஏ. வம்சாவளிப் பரிசோதனை. அதில் எல்லாக் குட்டியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஆண் நாயின் விந்து பெட்டையின் உடலுக்குள் ஒரு வாரம் வரை உயிரோடு இருக்கும், ஒரே ஹீட்டில் இரண்டு ஆண் சேர்ந்தால் ஒரே ஈற்றில் இரண்டு தகப்பனுக்கும் குட்டி பிறக்கும். ஒரு குட்டியைப் பார்த்துவிட்டு எட்டுக்கும் தீர்ப்பு எழுதக் கூடாது.

மாதிரி எடுப்பதில்தான் அதிகமான பரிசோதனைகள் வீணாகின்றன. கன்னத்தின் உள்பக்கத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுப்பதாக இருந்தால் அதற்கு முன் ஒரு மணி நேரமாவது குட்டியைத் தாயிடமிருந்தும் மற்றக் குட்டிகளிடமிருந்தும் பிரித்து வையுங்கள். பால் குடித்த வாயில் தாயின் செல்லும் இருக்கும். ஒன்றையொன்று நக்கிய வாயில் கூடப்பிறந்ததின் செல்லும் இருக்கும். ஆய்வகத்துக்கு இரண்டு நாயின் கைரேகை ஒரே தாளில் விழுந்த மாதிரி ஆகிவிடும். பால் மறந்து, குட்டிக்கு ஐந்தாறு வாரம் ஆனபின் எடுப்பது நல்லது. குச்சியைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் வைத்து அழுத்தி 20, 30 விநாடி உருட்டித் தேயுங்கள். எச்சில் நனைந்தால் போதாது, செல் ஒட்ட வேண்டும். ஒரு குட்டிக்கு இரண்டு குச்சி. நிழலில் நன்றாகக் காயவிட்டுக் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு போட்டால் நம் ஊர் வெயிலில் பூஞ்சை பிடித்துவிடும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் கால்நடை மருத்துவரிடம் ஊதா மூடிக் குழாயில் 1 முதல் 2 மில்லி ரத்தம் எடுத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள், உறையவிடாதீர்கள். எந்த வழியானாலும் எடுக்கும்போது இரண்டு தரப்பும் கூட இருந்து, குழாயின் மேல் இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வது பின்னால் பேச்சைக் குறைக்கும்.

'போன வருஷத்து ரத்தம் இன்னும் இருக்கும்' என்பதைப் பற்றி. இது அவர் கண்டுபிடித்தது அல்ல, பெரிய பெரிய ஆட்களே நம்பிய கதை. ஸ்காட்லாந்தில் மார்ட்டன் பிரபு ஒரு குதிரையைக் குவாகாவோடு (வரிக்குதிரை வகை, இப்போது அற்றுப்போய்விட்டது) சேர்த்தார். பிறகு அதே குதிரை கறுப்பு அரபுக் குதிரைக்கு ஈன்ற குட்டிகளின் காலில் வரிகள் இருந்தன. 1821-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் இது வெளியாகி, முதல் சேர்க்கையின் சாயல் கருப்பையில் தங்கிவிடுகிறது என்று நூற்றாண்டு முழுக்க நம்பினார்கள். எடின்பரோவின் காஸார் யூவர்ட் 1890-களில் வரிக்குதிரையை வைத்தே திரும்பச் செய்து பார்த்தார். சாயல் எதுவும் தங்கவில்லை. கால் வரி வரிக்குதிரையே பார்க்காத குதிரைகளுக்கும் வரும். அவற்றின் வம்சத்திலேயே ஒளிந்திருப்பது அது. உங்கள் வீட்டு மஞ்சளும் அதே ரகம். போன ஹீட்டில் போன விந்து அந்த ஹீட்டோடு செத்துப்போனது. இந்த ஈற்றுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பழுப்பு மூக்கு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மஞ்சள் லேப் குட்டிகள் எல்லாமே பிறக்கும்போது ஏறக்குறைய வெள்ளையாக, ரோஜா நிற மூக்கோடுதான் இருக்கும். முதல் சில நாட்களில் கறுப்பு ஓரத்திலிருந்து ஏறத் தொடங்கும். நான்கு வாரத்தில் குட்டியை வெளிச்சத்துக்குத் தூக்கி மூக்கை மட்டும் பார்க்காமல் கண் இமையின் ஓரம், உதட்டு ஓரம், பாத மெத்தை மூன்றையும் பாருங்கள். அவையும் ஈரல் நிறத்தில் இருந்தால் அது ப-ப, மூ-மூ என்பது உறுதி. முடிக்கு வராத கறுப்பு மை மூக்குத் தோலுக்கு வருகிறது. அந்தத் தோலில்தான் 'ப-ப' தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. இமை ஓரம் கறுப்பாகவும் மூக்கு மட்டும் வெளிறியும் இருந்தால் அது வேறு: வளர்ந்த மஞ்சள் நாய்கள் சிலவற்றுக்கு மூக்கின் கறுப்பு மங்கிப்போகும், மரபணுவில் ஒரு 'க'-வாவது இருக்கும். கண்காட்சிக்குக் கொண்டுபோகிறவர்களிடம் பழுப்பு மூக்குக்கு மதிப்பு இல்லை. வீட்டு நாயாக அதற்கு ஒரு குறையும் இல்லை. வாங்க வருகிறவரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நெஞ்சுப் பொட்டை மறந்துவிடலாம். கருவில் நிறமிச் செல்கள் முதுகுத்தண்டு ஓரத்தில் உருவாகி இரண்டு பக்கமும் கீழே நடந்துபோகின்றன. நெஞ்சு, வயிறு, விரல் நுனி இவைதான் கடைசி ஊர். போய்ச்சேரக் கொஞ்சம் தாமதமானால் அந்த இடம் வெள்ளையாக நின்றுவிடும். லேப்ரடார் தரவிதியே (இந்த இனம் எப்படி இருக்க வேண்டும் என்று வகுத்த விதி) நெஞ்சில் சிறு வெள்ளைப் பொட்டை அனுமதிக்கிறது. புருவத்துக்கு மேல் செம்பொட்டு, காலில் செந்நிறம், வரி இவை கறுப்புக் குட்டியில் தெரிந்திருந்தால் கேள்வி கேட்டிருக்கலாம்.

(இந்தச் சாக்கில்: லேப்ரடாரின் மஞ்சளையும் ராஜபாளையத்தின் வெள்ளையையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். லேப்பில் நிறமிச் செல் இருக்கிறது, வேறு மை செய்கிறது. நிறமிச் செல்லே போய்ச்சேராததால் வரும் வெள்ளையில் ரோஜா நிற மூக்கும் இருக்கும், உள்காதிலும் அந்தச் செல் இல்லாமல் போகலாம். உள்காதுக்கு அந்தச் செல் தேவை; இல்லாவிட்டால் குட்டி பிறந்த சில வாரத்தில் செவிடாகிவிடும். வெள்ளை நாய்களில் ஒரு காது மட்டும் கேட்காத குட்டியும் உண்டு, கைதட்டிப் பார்த்தால் அது பிடிபடாது.)

இனி சாக்லெட் ஆசை. உங்கள் சாக்லெட் குட்டி ப-ப என்பது தெரியும். இரண்டாவது மரபணுவில் அது தி-தி ஆக இருக்க மூன்றில் ஒரு வாய்ப்பு, தி-மூ ஆக இருக்க மூன்றில் இரண்டு. தி-தி என்றால் எந்தச் சாக்லெட் ஆணோடு சேர்த்தாலும் எல்லாம் சாக்லெட். தி-மூ ஆக இருந்து ஆணும் தி-மூ என்றால் நான்கில் ஒன்று பழுப்பு மூக்கு மஞ்சளாக வரும். ஆணாவது தி-தி ஆக இருந்தால் போதும், மஞ்சள் வராது. கறுப்பு ஆணோடு சேர்க்க நினைத்தால் அது க-ப என்று தாளில் இருக்க வேண்டும். அப்போது பாதியளவு சாக்லெட் எதிர்பார்க்கலாம். க-க ஆனால் ஒரு சாக்லெட்டும் கிடைக்காது. அதிகம் ஏமாற்றும் சேர்க்கை இன்னொன்று: சாக்லெட் பெட்டை ப-ப, தி-தி, மஞ்சள் ஆண் க-க, மூ-மூ. இரண்டிலும் கறுப்பு முடி ஒன்றுகூட இல்லை. குட்டிகள் அத்தனையும் கறுப்பு. தாயிடம் வழி திறந்திருக்கிறது, தகப்பனிடம் கறுப்பு மை இருக்கிறது, குட்டியில் இரண்டும் சேர்ந்துவிடுகின்றன. இப்படி ஒரு ஈற்றைப் பார்த்துவிட்டுப் பெட்டையை அடித்தவர்களும் உண்டு, பாவம்.

பரிசோதனை வசதி இல்லாத காலத்தில் மஞ்சள் நாயோடு சேர்த்துப் பார்ப்பார்கள். ஏழு குட்டி பிறந்து ஒன்றுகூட மஞ்சள் இல்லை என்றால், தி-மூ ஆக இருந்தும் தப்பியிருக்க 128-இல் ஒரு வாய்ப்புதான். இன்று ஒரு குச்சியில் முடிகிற வேலைக்கு ஒரு பெட்டையை ஈனவைக்க வேண்டியதில்லை. ஆய்வகத்திடம் மட்டும் ஒரு கேள்வி கேளுங்கள்: பழுப்பு மரபணுவில் மூன்று பொதுவான மாற்றங்களையும் பார்க்கிறார்களா? ஒன்றை மட்டும் பார்த்து 'சுமக்கவில்லை' என்று எழுதிக் கொடுத்தால் அந்தத் தாளுக்குப் பயனில்லை. இரண்டு வெவ்வேறு மாற்றம் ஒவ்வொரு பிரதி இருப்பதாகத் தாள் வந்து, நாய் கண்ணெதிரே கறுப்பாக நின்றால் ஆய்வகத்தைத் திட்டாதீர்கள். இரண்டும் ஒரே குரோமோசோமில் உட்கார்ந்திருக்கும். மற்றக் குரோமோசோமில் நல்ல 'க' ஒன்று வேலை பார்த்துக்கொண்டிருக்கும்.

நிறத்துக்காகக் கூடப்பிறந்த ஆணையோ தகப்பனையோ சேர்த்துவிடாதீர்கள். கூடப்பிறந்தவற்றைச் சேர்த்தால் பிறக்கும் குட்டியின் மரபணுக்களில் சராசரியாக நான்கில் ஒரு பங்கு, ஒரே மூதாதைப் பிரதி இரண்டு பக்கமும் வந்ததாக இருக்கும். ஒளிந்திருக்கும் மஞ்சள் வெளியே வருவது போலவே ஒளிந்திருக்கும் நோயும் வெளியே வரும். லேப்ரடாரில் விழித்திரை தேய்ந்து, முதலில் இரவுப் பார்வையும் பிறகு முழுப் பார்வையும் போகும் பி.ஆர்.ஏ. நோய் ஒன்று உண்டு. பத்துப் பதினைந்து நிமிடம் வேகமாக ஓடிவிளையாடியதும் பின்னங்கால் துவண்டு விழும் நோய் இன்னொன்று. அதன் மரபணு 2008-இல் கண்டுபிடிக்கப்பட்டது. வெயிலில் பந்து விரட்டும் நாய் இப்படி விழுந்தால் வெப்பத் தாக்கு என்றே பலரும் நினைத்துவிடுகிறார்கள். இரண்டும் ஒடுங்கு நோய்கள். ஒரு பிரதி சுமக்கும் நாய் ஆயுள் முழுக்க ஆரோக்கியமாக இருக்கும், இன்னொரு சுமப்பதோடு சேர்ந்தால் நான்கில் ஒரு குட்டிக்கு நோய். ஆகவே நிறப் பரிசோதனைக்கு மாதிரி அனுப்பும்போதே இந்த இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். சுமக்கிறது என்று வந்தாலும் பெட்டையை ஒதுக்க வேண்டாம். சுமக்காத ஆணோடு சேர்த்தால் நோய்க்குட்டி பிறக்காது. நிறத்தைவிட இந்தத் தாளை முதலில் பார்த்து ஆணைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். இடுப்பு எலும்புக் கோளாறு வேறு கணக்கு. அதில் ஒற்றை மரபணு இல்லை, இரண்டு வயதில் எக்ஸ்ரேதான். 2017-இல் வந்த மத்திய அரசின் நாய் இனப்பெருக்க விதிகளும் பதினெட்டு மாதத்துக்கு முன் பெட்டையைச் சேர்க்கக் கூடாது, எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது என்கின்றன.

சாக்லெட்டை மட்டுமே தேடி வளர்ப்பவர்களுக்கு இன்னொரு தகவல். பிரிட்டனில் கால்நடை மருத்துவமனைப் பதிவுகளை வைத்து 2018-இல் வெளிவந்த ஆய்வில் சாக்லெட் லேப்ரடார்களின் இடைநிலை ஆயுள் 10.7 வருஷம், மற்ற நிறங்களுக்கு 12.1. காதுச் சீழும் தோல் புண்ணும்கூட அவற்றில் அதிகம். பழுப்பு மை நாயைக் கொல்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை. ஒடுங்கு நிறத்தைக் கட்டாயமாக எடுக்க வேண்டுமானால் இரண்டு பக்கமும் சுமக்கும் நாய்களாகப் பொறுக்க வேண்டும். பொறுக்கும் கூட்டம் சிறுத்துக்கொண்டே போகும். மற்ற ஒடுங்குகளும் கூடவே சேரும் என்பதுதான் ஆய்வாளர்கள் சொன்ன சாத்தியமான விளக்கம். நல்ல கறுப்பு க-ப ஆணை நடுநடுவே கொண்டுவருவது இதற்கு எளிய மாற்று. பாதிக் குட்டி கறுப்பாக வரும், அதற்கென்ன.

சில்வர் லேப் என்பது நான்காவது நிறம் அல்ல, சாக்லெட்டேதான். 'மையை நீர்க்கவைக்கும்' இன்னொரு ஒடுங்கு மரபணு இரண்டு பிரதி சேர்ந்தால் சாக்லெட் வெள்ளிச் சாம்பலாகத் தெரியும், கறுப்பு கரிச்சாம்பல் ஆகும், மஞ்சள் வெளிறிப்போகும். மை குறைவதில்லை. முடிக்குள் சீராகப் பரவாமல் கட்டி கட்டியாகச் சேர்வதால் அப்படித் தெரிகிறது. தரவிதியில் இருப்பது கறுப்பு, மஞ்சள், சாக்லெட் மூன்றே நிறம். 'அபூர்வம்' என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பதற்கு இதில் எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் சுமக்கும் நாய்களைச் சேர்த்தால் நான்கில் ஒன்று வந்துவிடும். தொல்லை என்னவென்றால், மைக் கட்டி இருக்கும் இடத்தில் முடி ஒடிகிறது. இத்தகைய நாய்களில் ஒரு பகுதிக்கு முதுகில் முடி மெலிந்து, செதில் பிடித்து, வேர்க்கால்களில் சீழ்க்கட்டி வந்துகொண்டே இருக்கும். முடி திரும்ப வராது, கடைசிவரை தோல் பராமரிப்புதான். இரண்டு மாதக் குட்டியில் இது தெரியாது, பளபளவென்று இருக்கும். தொடங்குவது பெரும்பாலும் ஆறு மாதத்துக்குப் பிறகு. அதனால் குட்டியைப் பார்த்து விலை பேசாதீர்கள். அவர் வீட்டிலேயே இரண்டு வயது தாண்டிய வெள்ளி நிற நாய் இருந்தால் அதை வெயிலில் நிறுத்தி, முதுகு முடியை எதிர்ப்பக்கமாகத் தள்ளித் தோலைப் பாருங்கள்.